நேற்று சாயங்காலம் துணி மடித்தேன்

என் அக்கா வேலை செய்வது ஓர் உறைகிடங்கில். பட்டாணி, மீன், ஐஸ்கிரீம் என்று கூரை வரை பெட்டிகள் அடுக்கியிருக்கும். வெளியே எந்தப் பருவமாக இருந்தாலும் உள்ளே மைனஸ் இருபத்திரண்டு. நாற்பது நிமிடம் உள்ளே வேலை, இருபது நிமிடம் ஹீட்டர் ரூமில் உட்கார வேண்டும். தனியாக யாரும் உள்ளே போகக்கூடாது. எப்போதும் இரண்டு பேராகத்தான். அதற்கு ஜோடி என்று பெயர்.

மணி அடித்து வெளியே வந்ததும் ஜோடியில் ஒருவர் மற்றவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். மூக்கு நுனி, காது மடல், கன்னம். எங்காவது வெளுத்துக் கிடக்கிறதா என்று. உறைந்த தோல் வலிக்காது. தன் மூக்கு உறைந்துபோனது தனக்கே தெரியாது, எதிரில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும். அதன் பிறகு ஒரு கேள்வி. முழு வாக்கியமாகப் பதில் வர வேண்டும். குளிர் தலைக்கு ஏறினால் முதலில் நாக்கு குழறும், பேச்சு தடுமாறும். அப்படி ஆனால் அன்றைக்கு அந்த ஆளைத் திரும்ப உள்ளே விடக்கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் கதவருகே தொங்கும் தாளில் ஒரு டிக்.

அக்கா பதினோரு வருடமாக ஒரு ஷிப்டுக்கு ஏழு தடவை இப்படி முகம் காட்டியிருக்கிறாள். நான் சொல்லப்போகும் குளிர்காலத்தில் அவள் உயிரே அந்த டிக்கை நம்பித்தான் இருந்தது. அவளைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியவில்லை. அவளுக்கும் முழுசாகத் தெரிந்திருந்ததா என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது.

மூன்று வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு நான் அவள் வீட்டுக் கதவைத் தட்டியபோது குளிர்காலம் பாதி முடிந்திருந்தது. இரண்டு வாரம் தங்கிவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்புவதாகத் திட்டம். கதவைத் திறந்தவள் கோட்டோடு நின்றாள்.

"எங்கேயாவது கிளம்பறியாக்கா?"

"இல்ல. இப்பதான் வந்தேன்."

அவள் வந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது என்பதை ஷூவுக்கடியில் காய்ந்திருந்த சேறு சொன்னது. உள்ளே வாய் திறந்தால் புகை வந்தது.

"ஹீட்டர் போடலையா?"

"மைனஸ் இருபத்திரண்டுல நிக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு குளிரா? உனக்கு வேணும்னா போட்டுக்கோ. ஊர் ஊரா வெயில் காஞ்சுட்டு வந்திருக்கே."

போட்டேன். திரைச்சீலைகள் மூடியே இருந்தன. கூடத்தில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் துவைத்த துணி மலையாகக் குவிந்திருந்தது. மேலே ஒரு பச்சைத் துண்டு. இன்றைக்குத் துவைத்திருப்பாள், நாளைக்கு மடித்துவிடுவாள் என்று நினைத்து நான் தரையில் உட்கார்ந்தேன்.

மறுநாளும் பச்சைத் துண்டு அங்கேயே இருந்தது. அதற்கு மறுநாள், அதன் கீழிருந்து ஒரு உள்பாவாடையை உருவி எடுத்து உதறிக் கட்டிக்கொண்டு போனாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அலமாரி இப்போது அந்த நாற்காலிதான் என்று.

காலை ஏழு மணிக்கு இருட்டில் கிளம்புவாள். சாயங்காலம் இருட்டிய பிறகுதான் வருவாள். கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. ஆக, வாரத்தில் ஆறு நாள் அவள் வெயிலைப் பார்ப்பதே இல்லை. ஏழாவது நாள் திரையைக்கூட விலக்காமல் படுத்திருப்பாள். தூங்குகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். ஒரு தரம் கம்பளியை விலக்கிப் பார்த்தபோது கண் திறந்தே இருந்தது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. அலுப்பு."

அத்தான் பிரிந்து போய் எட்டு வருடம் ஆகிறது. அதை அவள் எப்போதோ கடந்துவிட்டாள். மகள்தான் அவளுடைய பொழுது, சண்டை, சமையல் எல்லாம். குளிர் தொடங்குவதற்கு முன்னால் மகள் வேறு ஊர்க் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். அவள் அறைக் கதவு சாத்தியே இருந்தது. ஞாயிறு தோறும் போன் வரும். அது வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் அக்கா எழுந்து முகம் கழுவி, தலை சீவி உட்காருவாள். படம் தெரியாத வெறும் போன்தான் அது. ஆனாலும் சீவுவாள்.

"நல்லா இருக்கேன்டி. சித்தி வந்திருக்கா, வீடே கலகலன்னு இருக்கு. நீ நல்லா சாப்பிடு. வெயில் வந்தா வெளிய போய் நில்லு."

போனை வைத்ததும் கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். வீட்டைக் கலகலவென்று வைத்திருந்த நான் தரையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருப்பேன்.

அவள் விரல் முட்டிகள் சிவந்து வீங்கியிருந்தன. ராத்திரி படுக்கையில் சொறிவது கேட்கும். "குளிர்ப்புண்தான். எல்லாருக்கும் வரும்" என்றாள். ஈரக் கையுறையை மாற்றுவதுதானே என்று கேட்டால், "மாத்தலாம்" என்பாள். சாப்பாட்டு டப்பாவில் பாதி திரும்பி வந்தது. ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "காது அடைஞ்சுபோச்சு போல. நேத்து மணி அடிச்சது காதுலயே விழல." நானும் சிரித்தேன். காதுக்குல்லா அவ்வளவு தடிப்பு என்று அவளே சொன்னாள்.

என் இரண்டு வாரம் முடிய மூன்று நாள் இருக்கும்போது டப்பாவையே மறந்துவிட்டுப் போனாள். எனக்கும் வீட்டுக்குள் கால் தரிக்கவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கிடங்கு வாசலில் காத்திருந்தபோது ஒருவர் தடித்த உடுப்போடு இரண்டு பக்கமும் ஆடி ஆடி நடந்து வந்தார். பார்த்ததுமே தெரிந்தது. அக்கா சொல்லியிருந்த ஜோடி இவர்தான். கிடங்கே பென்குயின் என்றுதான் கூப்பிடும். நாலு வருடமாக ஜோடி. அக்கா அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

"ஊர் சுத்தின தங்கச்சி நீதானா? உங்கக்கா ரூம்ல உக்காந்திருக்கா. குடு, நான் குடுத்துடறேன்." டப்பாவை ஆட்டிப் பார்த்தார். "இதுல ஒரு குருவிக்குத்தான் காணும். அது சரி, உங்க வீட்டில மொத்தம் எத்தனை பேரு?"

"ரெண்டு பேர் அண்ணா. ஏன்?"

"ரெண்டு பேருக்கா இவ்வளவு துணி? நானும் தினமும் கேக்கறேன், 'நேத்து சாயங்காலம் என்ன பண்ணினே?'ன்னு. தினமும் அதே பதில். 'நேத்து சாயங்காலம் துணி மடிச்சேன் அண்ணா.' கணீர்னு சொல்லுவா. ஒரு எழுத்து குழறாது. சலவைக்கடை ஏதாவது வச்சிருக்கீங்களா?"

நான் சிரிக்கத் தொடங்கினேன். பிறகு பச்சைத் துண்டு ஞாபகம் வந்தது.

"அண்ணா, எங்க வீட்டில யாரும் துணி மடிக்கிறதில்ல. நான் வந்த நாள்லேருந்து அது நாற்காலி மேலயே கிடக்கு."

அவர் டப்பாவை ஆட்டுவதை நிறுத்தினார்.

"எத்தனை நாளா இதே பதில் சொல்றா?" என்று கேட்டேன்.

யோசித்தார். விரல் விட்டு எண்ணப் பார்த்துக் கைவிட்டார். "மழை நிக்கறதுக்கு முன்னாடிலேருந்து. ரெண்டு மாசம் இருக்கும்." குரல் இறங்கிவிட்டது. "நான் நாக்கு குழறுதான்னுதானே பாத்தேன். அவ என்ன சொல்றான்னு நான் எங்க கேட்டேன்."

அந்த இடத்தில் வேலை செய்பவர்கள் மட்டும்தான் அப்படி ஒரு தவறு செய்ய முடியும் என்று தோன்றுகிறது. நாலு வருடம், ஒரு நாளைக்கு ஏழு தடவை. கேள்வி தேய்ந்துபோய் ஒரு சத்தமாகியிருந்தது, பதிலும் அப்படியே. அக்காவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. யோசிக்காமல் சொன்னதால்தான் அது குழறவும் இல்லை.

"இன்னொண்ணு," என்றார் பென்குயின் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல். "ரெண்டு வாரத்துல மூணு தடவை மணி அடிச்சும் வெளிய வரல. நான் போய்த்தான் கூட்டிட்டு வந்தேன். குல்லா தடிப்பு, கேக்கலைன்னு சொன்னா. நானும் நம்பினேன். அந்த மணி செத்தவனுக்கும் கேக்கும்."

அவர் ஆடி ஆடி உள்ளே போனார். நான் பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தேன். எந்த ஊரில் என்ன நடந்தாலும் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று பழகிய கால்கள். அன்றைக்கு வீட்டுக்கு நடக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

மூன்று மணிக்குக் கதவு திறந்தது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. வந்ததிலிருந்து பகல் வெளிச்சத்தில் அவள் முகத்தை நான் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். சாம்பல் பூசினாற்போல இருந்தது.

"போட்டுக் குடுத்துட்ட இல்ல," என்றாள். ஷூவைக் கழற்றவில்லை.

நடந்தது இதுதான். அடுத்த மணி அடித்து வெளியே வந்ததும் அண்ணன் மூக்கு, காது, கன்னம் எல்லாம் பார்த்துவிட்டு வேறு கேள்வி கேட்டிருக்கிறார். "வீட்டில நாற்காலி மேல என்ன இருக்கு?" அக்கா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. பத்து எண்ணுவதற்குள் பதில் இல்லையென்றால் டிக் கிடையாது, அது விதி. அவர் பத்து எண்ணினார். பிறகு இன்னொரு பத்தும் எண்ணினாராம். அதற்கப்புறம் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். மேற்பார்வையாளர் வந்து அக்காவின் உள்ளே போகும் அட்டையை வாங்கிக்கொண்டார். டாக்டர் கடிதம் இல்லாமல் அது திரும்பக் கிடைக்காது.

"பதினோரு வருஷம். ஒரு நாள் என்னை வெளிய நிறுத்தினதில்ல. எல்லாரும் பாக்க என் அட்டையப் பிடுங்கினாங்க. ரெண்டு வாரம் தங்க வந்தவளுக்கு வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. நீ கிளம்பிப் போயிடுவே. அப்புறம் நான் என்ன பண்றது?"

"மணி காதுல விழுந்துச்சா, விழலையா?"

அவள் ஷூவோடேயே கூடத்துக்குள் போனாள்.

"அக்கா."

அவள் நாற்காலியில் உட்காரப் போனாள். இடமில்லை. துணிமலையின் ஓரத்தில் பாதி உடம்பைச் சாய்த்துக்கொண்டாள்.

"விழுந்துச்சு," என்றாள். "பட்டாணி அடுக்கு முன்னாடி நின்னுட்டிருந்தேன். வரணும்னு தெரியும். கால் வரல. வரணும்னு தோணவும் இல்ல. அங்க ஒரு சத்தமும் இல்லடி. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. கை வலிக்கறது நின்னுபோகும். சுகமா இருக்கும்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், கடையில் என்ன வாங்கினாள் என்பது போல. நான் போய் அவள் ஷூவின் நாடாவை அவிழ்த்தேன். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. என் அக்கா தன் காலைத் தொட யாரையும் விடாதவள்.

டாக்டரம்மா தடித்த மூக்குக் கண்ணாடி போட்டவர். அவருக்கே சளி பிடித்திருந்தது.

"தூக்கம் எப்படிம்மா?"

"நிறைய."

"எந்திரிக்கும்போது தூங்கின மாதிரி இருக்கா?"

"இல்ல."

"செத்துப்போகணும்னு நினைக்கிறீங்களா?"

அக்கா என்னை ஒரு தரம் பார்த்தாள். "செத்துப்போகணும்னு இல்ல. வெளிய வர வேணாம்னுதான்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். அதையும் அதே கனத்தோடு எடுத்துக்கொள்வேன் என்றார். ரத்தப் பரிசோதனையில் இரும்புச் சத்து குறைவாக இருந்தது. வெயில் படாத உடம்பில் வைட்டமின் டியும் குறைந்திருந்தது. மாத்திரை எழுதினார். புதன்கிழமைகளில் மனநல ஆலோசகர் ஒருவரிடம் போய்ப் பேச வேண்டும் என்றார். ஆறு வாரம் உறைகிடங்கு கூடாது, பகல் வெளிச்சம் படும் இடத்தில் வேலை கொடுக்க வேண்டும் என்று கடிதம் எழுதினார். மத்தியானம் இருபது நிமிடமாவது வெளியே நடக்க வேண்டும், மேகமாக இருந்தாலும். கையுறை ஈரமானால் உடனே மாற்ற வேண்டும். குளிர்ப்புண்ணைச் சுடுதண்ணீரிலோ ஹீட்டர் மேலோ காட்டக்கூடாது. அந்த மாதிரி எண்ணம் மறுபடி வந்தால், நேரம் காலம் பார்க்காமல் இந்த எண்ணுக்குப் பேச வேண்டும். எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு மூக்கைச் சிந்தினார்.

வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்: "பட்டாணிகிட்டேருந்து என்னைப் பிரிச்சுட்டாங்க." நான் வந்த பிறகு அவள் விட்ட முதல் ஜோக் அது. நான் சிரிக்கவில்லை. நடுத்தெருவில் நின்று அழுதேன். "மூக்கைத் துடை, உறைஞ்சுடும்" என்றாள்.

லாரியில் சரக்கு ஏற்றும் முற்றத்தில் வேலை கொடுத்தார்கள். பெரிய கதவுகள் நாள் முழுக்கத் திறந்திருக்கும். பெட்டிகளைச் சரிபார்த்துச் சீட்டு ஒட்ட வேண்டும். அக்காவுக்கு அது பிடிக்கவே இல்லை. "கத்திட்டே இருக்கானுங்க டிரைவருங்க. எவனைப் பாத்தாலும் வணக்கம் சொல்லணும்." நான் மத்தியானம் பஸ் பிடித்துப் போய் அவளை நடக்கக் கூட்டிப் போவேன். லாரி நிறுத்துமிடத்தைச் சுற்றி நாலு சுற்று. பார்க்க ஒன்றுமில்லை. சேறு, எண்ணெய்க் கறை, கம்பி வேலி. முதல் வாரம் பேசாமல் நடந்தாள். இரண்டாவது வாரம் திட்டிக்கொண்டே நடந்தாள்.

இதெல்லாம் ஏறுமுகமாகப் போயிற்று என்று சொல்ல ஆசைதான். பதினோராவது நாள் அவள் எழுந்திருக்கவே இல்லை. மாத்திரை வாயைக் கசக்கச் செய்கிறது என்றாள். ஒரு புதன்கிழமை ஆலோசகரிடம் முக்கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வந்தாள். இன்னொரு புதன்கிழமை வந்து, "அந்தம்மாவும் சும்மாவே உக்காந்திருந்தாங்க, பரவாயில்ல" என்றாள். காலையில் திரையை விலக்குவது என் வேலை. கிளம்பும்போது அதை மூடுவது அவள் வேலை, நான் திரும்ப விலக்குவேன். எனக்கும் அலுத்தது. குளிக்கும்போது அடுத்த ஊரின் பெயரை மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். பையை ஒரு முறை எடுத்துத் தூசி தட்டி வைத்தேன். அவள் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு விடுமுறை நாளில் பென்குயின் அண்ணன் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்தார். உடுப்பில்லாமல் பார்த்தால் ஒல்லியான ஆள். ஆனால் நடை மட்டும் அதேதான். உட்கார இடம் தேடி நாற்காலி முன்னால் நின்றுவிட்டார்.

"இதுதானா அது?"

"அதேதான்," என்றாள் அக்கா.

"ரெண்டு மாசம் இதைப் பத்திக் கேட்டு டிக் போட்டிருக்கேன்." பச்சைத் துண்டை எடுத்து உதறி, மூலைக்கு மூலை சேர்த்து மடிக்க ஆரம்பித்தார்.

"வைங்க அண்ணா."

"இருக்கட்டும்மா."

"வைங்கன்னா. அதுல என் உள்பாவாடையெல்லாம் இருக்கு."

அவர் துண்டைத் தீப்பிடித்தாற்போலப் போட்டார். அக்கா சிரித்துவிட்டாள், மூக்கு வழியாக, சத்தம் வராமல். அண்ணனுக்கு ஒரு ஸ்டூல் கொண்டு வந்தேன். ஆரஞ்சு உரித்துக்கொண்டே புது ஜோடியைப் பற்றிப் புலம்பினார். "மூஞ்சியப் பாக்க விடமாட்டேங்கறான். கேள்வி கேட்டா, 'ஏன் சார்'ங்கறான். நீ எப்ப வருவே?"

"தெரியல அண்ணா."

"வராட்டியும் பரவாயில்ல. பொய் மட்டும் சொல்லாதே. நான் இனிமே கேப்பேன்."

ஆறு வாரம் எட்டு வாரமாகியது. பகல் கொஞ்சம் நீண்டது. அவள் வேலை விட்டு வரும்போது தெருவிளக்கு எரிவதற்கு முந்தைய வெளிச்சம் இருந்தது. கை வீக்கம் வற்றியது. டப்பா காலியாகத் திரும்பியது, எல்லா நாளும் இல்லை. டாக்டரம்மா கடிதம் கொடுத்தார்: அரை ஷிப்டு உள்ளே, அரை ஷிப்டு வெளியே, மாத்திரையும் புதன்கிழமையும் தொடரும். அட்டை திரும்பி வந்த அன்று சாயங்காலம் நான் அக்காவிடம் கிளம்பப் போவதாகச் சொன்னேன். அவள் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. மூன்று வருடத்தில் நான் போடாத கடிதங்களையெல்லாம் எண்ணினாள். நானும் சும்மா இருக்கவில்லை. மகளுக்கு ஒழுங்காகச் சொல்லாமல் தலை மட்டும் சீவுகிறாயே என்றேன். இரண்டு பேரும் அழுதோம். சாப்பிட்டோம். அவள் மகளுக்குப் போன் செய்தாள், ஞாயிற்றுக்கிழமை இல்லை, செவ்வாய்க்கிழமை. தலை சீவாமல்.

மறுநாள் மத்தியானம் அவளைப் பார்க்கப் போனபோது அண்ணன்தான் வாசலுக்கு வந்தார்.

அன்றைக்கு மறுபடி அவர்தான் அவளுக்கு ஜோடி. முதல் நாற்பது நிமிடம் முடிந்து மணி அடித்திருக்கிறது. அவர் பட்டாணி அடுக்குப் பக்கம் ஓடினாராம், அவரால் ஓட முடிந்த அளவுக்கு. அவள் அங்கே இல்லை. கதவுக்கு வெளியே குல்லாவைக் கழற்றிக்கொண்டு நின்றிருந்தாள். மூக்கு, காது, கன்னம் பார்த்தார். சிவப்புதான், வெள்ளை இல்லை.

"நேத்து சாயங்காலம் என்ன பண்ணினே?"

"நேத்து சாயங்காலம் தங்கச்சி கூட சண்டை போட்டேன் அண்ணா."

அவர் பேனாவை எடுக்காமல் நின்றார். "எதுக்கு?"

"ஊருக்குப் போறாளாம்."

"நல்லா போட்டியா?"

"போட்டேன். அவளும் விடல. குரல் கம்மிப்போச்சு, பாருங்க."

குரல் கம்மியிருந்ததாம். அதைக் குழறலில் சேர்ப்பதா வேண்டாமா என்று அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு டிக் போட்டார்.

இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "எப்ப கிளம்பற?"

"இன்னும் பையக் கட்டல அண்ணா," என்றேன். அது உண்மை. என் துணியும் அந்த நாற்காலி மேல்தான் கிடந்தது.